சாரலும் ஓய்வுநாளும்

ஓய்வு என்பது வேலையின்மை அன்று. உழைத்துக் களைத்த உடலுக்கு ஊக்கமும், ஒடுங்கிய உள்ளத்துக்கு விரிவும் தருவதே ஓய்வு. வாரம் முழுவதும் நூலோடும் தேர்வோடும் மல்லாடும் மாணவர்க்குச் சனியும் ஞாயிறும் பாலைவழியிற் கண்ட சோலைகள் போல்வன. ஆயினும், அச்சோலைக்கு நீர் பாய்ச்சுவார் யாவர் என்று நம்மில் எத்தனை பேர் எண்ணுகின்றோம்? தென்காசியிலும் குற்றாலத்திலும் யான் கழித்த இரண்டு நாட்கள் இவ்வினாவை என் உள்ளத்தில் எழுப்பின.

ஆனித் திங்களின் இறுதியில் ஒரு சனிக்கிழமை காலை, நண்பர் ஒருவரும் யானும் நெல்லைச் சந்திப்பில் செங்கோட்டை வண்டி ஏறினோம். அம்பாசமுத்திரம் கடந்து, கடையமும் கடந்ததும் காற்றின் இயல்பே மாறிற்று. தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதியை மலையின் மேற்புறம் கொள்ள, எஞ்சிய ஈரம் செங்கோட்டைக் கணவாய் வழியே நுழைந்து இப்புறத்தே சாரலாய்ச் சிதறுகின்றது. அது மழையும் அன்று, பனியும் அன்று. குடை விரித்தால் நின்றுவிடும், மடக்கினால் முகத்தில் தெளிக்கும்.

தென்காசியில் இறங்கியதும் எங்களை வரவேற்றது காசி விசுவநாதர் கோயிலின் கோபுரம். பராக்கிரம பாண்டியன் 1446இல் கோயில் திருப்பணியையும், 1457இல் கோபுரத் திருப்பணியையும் தொடங்கினான் என்பது வரலாறு. அக்கோபுரம் 1924இல் பெருஞ்சிதைவுற்று, நெடுங்காலம் மொட்டைக் கோபுரமாய் நின்று, 1990இலேதான் மீண்டும் நிறைவுற்று ஏறத்தாழ 180 அடி உயரம் ஓங்கிற்று. இவ்வளவையும் எடுப்பித்த அரசன், பிற்காலத்தில் இக்கோயிலைக் காப்பவர் எவராயினும் அவர் அடியில் விழுந்து வணங்குவதாகக் கல்லிலே பாடிவைத்தான். முடியுடை வேந்தன் முகமறியாக் காவலர்க்குத் தலைவணங்கிய அச்செய்தி, வேறு சமயத்தில் பிறந்த என்னையும் வாயிலிற் சற்றே நிற்கச் செய்தது. ஆக்குவோன் ஒருவனாயினும், காப்போர் தலைமுறைதோறும் வேண்டும் அன்றோ!

பிற்பகல் பேரருவியில் நீராடினோம். மேலிருந்து பாயும் சிற்றாறு நேரே தலைமேல் விழுமாயின் எவர் தாங்குவர்? இடையிலுள்ள பொங்குமாகடல் என்னும் ஆழ்குழியில் வீழ்ந்து, சினம் தணிந்து, அதன் பின்னரே நம் தோள்மேல் இறங்குகின்றது. செல்வரும் வறியரும், முதியோரும் சிறாரும் ஒரே நீரின் கீழ் நின்று ஆரவாரித்தனர்.

அன்றிரவு பிரானூர் எல்லையில் உணவு கொண்டோம். 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் வரையிலும் செங்கோட்டை மலையாளச் சீமையைச் சார்ந்திருந்தமையின், எல்லை இவ்விடத்தே இருந்தது. எல்லை மறைந்தது, ‘பார்டர்’ என்னும் பெயர் மட்டும் பரோட்டாவைப் பற்றிக்கொண்டு வாழ்கின்றது! வாழையிலையில் பிய்த்துப்போட்ட பரோட்டாவின்மேல் சால்னாவை ஊற்றிக் கோழிக்கறியோடு உண்ட சுவை ஈண்டு எழுத்தில் அடங்காது. நள்ளிரவு நெருங்கியும் அனற்கல்லின் முன் மாவை வீசிநின்ற இளைஞனுக்கு என் வயதே இருக்கும். அவன் நெற்றி வியர்வையைத் துடைக்கவும் கை ஓயவில்லை.

மறுநாள், ஆலய வழிபாடு முடிந்தபின் சித்திரசபைக்குச் சென்றோம். ஐந்து சபைகளுள் ஒன்றாகிய இங்கே, ஆடவல்லான் வார்ப்புப் படிமமாய் அன்றி ஓவியமாகவே காட்சி தருகின்றான். சுவரெங்கும் புராணக் கதைகள் வண்ணங்களாய் விரிந்துள்ளன. அருவியில் கண்ட ஆயிரவருள் இங்கு வந்தோர் எங்களையன்றி மூவரே. இரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியாரை யான் அவ்வேளையில் நினைந்தேன். நெல்லையில் தம் இல்லத்து வட்டத்தொட்டியில் ஞாயிறுதோறும் அன்பர்களைக் கூட்டிக் கம்பனைச் சுவைத்த அப்பெரியார், 1954இல் மறையுமளவும் தம் இறுதிக் காலத்தைக் குற்றாலத்திலேயே கழித்தார். விடுமுறை மாலையையும் தமிழுக்கு விருந்தாக்கலாம் என்று காட்டியவர் அவர்.

ஐந்தருவிச் சாலையில் என் அத்தை பழக்கடை வைத்திருக்கின்றார். மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவித்திருந்த அக்கடையில், நண்பகல் கடந்தும் அவர் உண்ணவில்லை. “சற்றே உட்காரலாகாதா?” என்றேன். “எய்யா, ஊருக்கெல்லாம் லீவுன்னாத்தான் எங்களுக்கு வேலை. இந்த ரெண்டு மாசம் சாரல் பொய்ச்சா, வருசம் பூரா கடன்தான்” என்று கூறி, எங்கள் கையில் பழங்களைத் திணித்தார். விலை கொடுக்க முயன்ற நண்பரைச் சினந்தார்.

அச்சொல் என்னை இன்னும் விட்டபாடில்லை. மழை குறைந்தால் அருவி வற்றும். மிகுந்தாலோ உயிர்க்கே ஏதமாம். 2024ஆம் ஆண்டு மே 17ஆம் நாள் பழைய குற்றால அருவியில் திடீரெனப் பெருகிய வெள்ளம், பதினேழு வயது மாணவன் ஒருவனைக் கொண்டுசென்றது. அருவிக்கரையில் காவலர் ஊதும் ஊதல், நம் களிப்பைக் கெடுக்கும் ஒலியென்று பலர் முணுமுணுக்கக் கேட்டுள்ளேன். அஃது ஓர் அன்னையின் மடி வெறுமையாகாமற் காக்கும் ஒலியென்று அறிந்தார் முணுமுணுப்பரோ?

வாரத்தில் ஒரு நாள் ஓய்ந்திருக்கப் பணித்த பழைய திருச்சட்டம், வீட்டுத் தலைவனுக்கு மட்டுமன்றி வேலையாளுக்கும், வாயிலில் தங்கிய அயலானுக்கும், கால்நடைக்கும் சேர்த்தே அவ்வோய்வை வழங்கிற்று. அதன் பொருள் எனக்குக் குற்றாலத்திலேதான் விளங்கியது. ஒருவன் ஓய்வு மற்றொருவன் உழைப்பின்மேல் நிற்கின்றது. அவ்வுழைப்பை ஒழித்தல் நம்மால் இயலாது, மதித்தல் இயலும். எறிந்த குப்பையை நம் கையாலேயே எடுத்தல், சிறு கடையில் விலை பேசி வருத்தாமை, காவலர் சொற்கு உடனே கரையேறல், பழைய சுவரோவியத்தின்மேல் விரல் வையாமை ஆகிய இவை பெருந்தொண்டுகள் அல்ல. ஆயினும் இவையே காத்தல்.

தோழர்காள்! அடுத்த சாரலுக்குச் செல்லுங்கள், ஆரக் குளியுங்கள், வயிறார உண்ணுங்கள், சித்திரசபையையும் தவறாது காணுங்கள். ஐந்நூறு ஆண்டுகட்கு முன்னரே காப்போர் அடியில் ஓர் அரசன் வணங்கிவிட்டான். அவ்வணக்கத்திற்கு நாம் உரியராதல் வேண்டும்.