மூடி வைத்த நெருப்பு

சென்ற ஆண்டு அமெரிக்காவில் அட்லாண்டா நகரத்து நண்பர் ஒருவர் இல்லத்தில் விருந்தாளியாகத் தங்கியிருந்தோம். அவர் வீட்டுக் கொல்லையில், மரத் தாங்கியின் மீது பிரம்மாண்டமான பச்சை முட்டை ஒன்று வீற்றிருந்தது. கருடபகவான் இட்ட முட்டையோ என்று மலைத்து நின்றோம். "அடுப்பு ஸார், வெறும் அடுப்பு!" என்று நண்பர் சிரித்தார்.

அதன் பூர்வோத்தரம் ரஸமானது. ஜப்பானிய மொழியில் 'கமாடோ' என்றால் அடுப்பு. இரண்டாவது உலக மகா யுத்தத்துக்குப் பிறகு ஜப்பானில் தங்கிய அமெரிக்கச் சிப்பாய்கள், அங்கே சோறு சமைக்கும் உருண்டை மண்ணடுப்பைக் கண்டு மயங்கித் தங்கள் ஊருக்குக் கொண்டு போனார்கள். 1974-ல் எட் பிஷர் என்பவர் அட்லாண்டாவில் கடை திறந்து இதை விற்கலானார். மண்ணடுப்பு வெடித்துவிடும் குறையைப் போக்க, பிற்பாடு உயர்ந்த ரகப் பீங்கானால் செய்யலானார்கள்.

அடியில் ஒரு சிறு கதவு. உச்சியில் ஒரு துவாரம். கீழே நுழையும் காற்று கரியைக் கனல வைத்து மேலே வெளியேறுகிறது. இரண்டையும் சற்றே திறந்தால் 110 டிகிரி சென்டிகிரேடில் பத்து மணி நேரத்துக்கு மேலும் நின்று எரியும். அகலத் திறந்தால் 350 டிகிரியையும் தாண்டும். கனத்த சுவர் உஷ்ணத்தை வாங்கி வைத்துக்கொண்டு நாற்புறமிருந்தும் தருகிறது. காற்றோட்டம் சொற்பமாதலால் பண்டத்தின் ஈரப்பசை வற்றுவதில்லை. ஆனால் ஏறிய சூடு இலேசில் இறங்காது; ஆகவே ஆரம்பத்திலிருந்தே நிதானம் வேண்டும். சமையல் முடிந்ததும் இரு வழியையும் அடைத்தால் நெருப்பு அணைந்து, மிஞ்சிய கரி மறுநாளைக்கு உதவும்.

அன்று நண்பர் தமக்குக் கோழியும் நமக்குக் கத்தரிக்காயும் வைத்து, துவாரங்களைக் குறுக்கிவிட்டு உள்ளே சென்றார். கத்தரிக்காயின் க்ஷேமத்தை விசாரிக்கும் ஆவலில் நாம் மூடியைச் சடக்கென்று தூக்கினோம். குபீரென்று ஜ்வாலை எழுந்து நமது இடது புருவத்தைச் சுவீகரித்துக் கொண்டது! காற்றுக்கு ஏங்கிக் கிடந்த கனலுக்குத் திடீரென்று காற்று கிடைத்தால் இப்படித்தான் சீறுமாம். "முதலில் இரண்டு விரற்கடை தூக்கிச் சற்றுப் பொறுக்க வேண்டும்; பிறகுதான் முழுதும் திறக்கலாம்" என்றார் நண்பர். வீட்டுக்குள் இதை மூட்டலாகாது என்றும் எச்சரித்தார். கரி கக்கும் கார்பன் மோனாக்ஸைடு வாசனையில்லாமலே உயிரைக் குடிக்கும்.

களிம்பு தடவிக்கொண்டிருக்கையில் நம் தாயாரின் குமுட்டி அடுப்பு நினைவுக்கு வந்தது. அதற்கும் கீழே ஒரு வாய் உண்டு. விசிறியால் எப்போது வீசுவது, எப்போது நிறுத்துவது, எப்போது கனலைச் சாம்பலால் மூடுவது என்று அம்மா அறிந்திருந்தாள். காஸ் அடுப்பு வந்த அன்றே குமுட்டியைப் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிட்டோம். அந்த வித்தையை அவளிடம் ஒரு நாளும் கேட்டறிந்தோமில்லை.

கீழ்த்திசை மண்ணடுப்பு ஒன்றைக் கடல் கடந்தவர்கள் கொண்டுபோய்ச் சீர்திருத்திப் பெருமையோடு வைத்திருக்கிறார்கள். அதில் தவறில்லை, பாராட்டுகிறோம். நம் வீட்டுப் பரணில் இன்னும் ஏதேனும் மிஞ்சியிருந்தால், எடைக்குப் போடுமுன் வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவோம். புருவம் முளைத்துவிட்டது. அம்மாவைக் கேட்கத்தான் இனி வழியில்லை.