நோணாங்குப்பத்து மணலில் உரக்கூண்டு

புதுச்சேரியிலிருந்து கடலூர் சாலையில், அரியாங்குப்பம் தாண்டியதும் நோணாங்குப்பம். வெளியூர்க்காரர்களுக்கு இது சுண்ணாம்பாறு படகுத்துறை இருக்கும் ஊர். படகேறி முகத்துவாரத்து மணல் கரைக்குப் போய்வந்துவிடுவார்கள். என் கண்ணில் படுவது வீட்டுக் கொல்லைகள்தான். நாலு தென்னை, ஒரு முருங்கை, இரண்டு வாழை, கீழே மணல்.

இந்த மண்ணில் ஊற்றும் தண்ணீரும் போடும் யூரியாவும் வேருக்கு நிற்காமல் இறங்கிவிடும். பிடித்து வைக்க மட்கு உரம் வேண்டும். பலரும் அதற்குக் குழிதான் வெட்டியிருக்கிறார்கள்.

"மழை வந்தா குழி நாறுது சார்" என்றார் ஓர் அம்மா. நாறத்தான் செய்யும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அவ்வளவு வேண்டாம், சாதாரண ஐப்பசி மழைக்கே ஆற்றோரக் குழியில் நீர் நிற்கும். காற்று போனால் குப்பை மட்காது, அழுகும்.

இந்தூரில் மட்கு உர முறையை வகுத்த ஆல்பர்ட் ஹோவர்ட், மழைக்காலத்தில் குழியை விட்டுத் தரைக்கு மேல் குவியலாகத்தான் போட்டார். 1931-ல் வந்த அவருடைய புத்தகத்தில் இது இருக்கிறது. நோணாங்குப்பத்துக்கும் அதுவே பொருந்தும்.

கிணற்றை விட்டுத் தள்ளி, மேடான இடத்தில், 3 அடிக்கு 3 அடி, உயரமும் 3 அடி. இதைவிடச் சிறிதானால் உள்ளே சூடு ஏறாது. மூன்று பக்கம் செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்குங்கள். மகாராஷ்டிராவின் நாடெப் தொட்டியிலும் காற்றுக்கு இப்படித்தான் ஓட்டை விடுவார்கள். நான்காவது பக்கம் கழற்றக்கூடிய பலகை. அது இல்லாவிட்டால் கிளற மாட்டீர்கள். அதனால்தான் கிணற்று உறையை நான் சொல்வதில்லை. பிளாஸ்டிக் டிரம் மாடி வீட்டுக்குச் சரி.

அடியில் தேங்காய் மட்டை ஒரு வரிசை. மேலே சமையல் கழிவு ஒரு கூடை என்றால் காய்ந்த சருகு இரண்டு கூடை. சவுக்குச் சருகும் ஆகும். மீன் கழிவை நடுவில் புதைத்து மூடுங்கள். கருவாட்டுக் கழிவு வேண்டாம், உப்பு சேரும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் அரிசி கழுவிய நீரைத் தெளியுங்கள். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு வர வேண்டும். ஒழுகினால் சருகு சேருங்கள்.

இனி முக்கியமான விஷயம். தென்னங்குருத்தைத் துளைக்கும் காண்டாமிருக வண்டு முட்டையிடுவது குப்பையில்தான். விரியும் மட்டை கத்தரித்த விசிறிபோல் இருந்தால் உங்கள் உரக்கூண்டையும் சந்தேகப்படுங்கள். புழு வண்டாக மூன்று மாதத்துக்கு மேல் ஆகும். ஆகவே 15 நாளுக்கு ஒருமுறை பலகையைக் கழற்றிக் கிளறி, சுருண்டு கிடக்கும் வெள்ளைப் புழுக்களைப் பொறுக்குங்கள். கோழி இருந்தால் வேலை மிச்சம். மூன்று மாதத்தில் கூண்டைக் காலி செய்துவிடுங்கள். மெட்டாரைசியம் பூஞ்சையைக் குப்பையில் கலப்பதும் நல்ல பலன் தரும்.

வண்டு உள்ளே போகாமலிருக்க, சிறு கண்ணுள்ள பழைய மீன் வலையை மேலே இறுக்கிக் கட்டுங்கள். மீனவர் வீடுகள் உள்ள பகுதியில் அதற்குக் காசு செலவில்லை. மழைக்கு முன் வலைமேல் ஒரு கீற்றும் போட்டுவிடுங்கள்.