லோயர் கேம்ப்பில் கொஞ்சம் லண்டன்!

தேனியில் பஸ் ஏறினால் சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர்னு வழியெல்லாம் நெல் வயலும் திராட்சைப் பந்தலும்தான். அதைத் தாண்டினா லோயர் கேம்ப். 2013-ல் திறந்த பென்னிகுக் மணிமண்டபம் இங்கேதான் இருக்கு. சிலை முன்னாடி போட்டோ எடுத்தாச்சா? அப்படியே அணையோட பத்திரத்தையும் பார்த்துடலாம் பாஸ்!

1886 அக்டோபர் 29. பெரியாறு அணைக்கு 999 வருஷக் குத்தகை. ஒரு பக்கம் திருவிதாங்கூர் மகாராஜா. இன்னொரு பக்கம் சென்னை கவர்னர்னுதானே நினைக்கிறீங்க? இல்லை. 'இந்தியாவுக்கான செயலாளர்'! பேர்தான் செயலாளர், ஆள் லண்டன் கேபினட் மந்திரி.

1947-ல் அந்தப் பதவியே காலி. அப்போ பத்திரம்? பிரிட்டிஷ் பார்லிமென்ட் போட்ட இந்திய சுதந்திரச் சட்டத்தின் 7-வது பிரிவுப்படி, சமஸ்தானங்களோட இருந்த உடன்படிக்கைகள் காலாவதி. குத்தகையும் அதோட போச்சுனு கேரளா வாதாடுச்சு. 'இது அரசியல் உடன்படிக்கை இல்லை'னு 2006, 2014 தீர்ப்புகளில் சுப்ரீம் கோர்ட் மறுத்துடுச்சு. மாத்திச் சொல்லியிருந்தா? கம்பம் பள்ளத்தாக்கில் மட்டும் 14,707 ஏக்கர் இருபோகம் இந்தத் தண்ணியை நம்பித்தான்!

அந்தச் சட்டத்தைப் படிக்க லண்டன் போக வேண்டாம். 'லெஜிஸ்லேஷன் டாட் ஜிஓவி டாட் யூகே' தளத்தில் இலவசமா இருக்கு. பார்லிமென்ட்டில் யார் என்ன பேசினாங்கன்னு தெரியணுமா? 'ஹன்சார்ட்' தளத்தில் 1947 ஜூலை மாத விவாதங்களைத் தேடுங்க. கூடலூர் டீக்கடையில் உட்கார்ந்து செல்போன்லயே படிக்கலாம். அடுத்த தடவை முல்லைப் பெரியாறு பத்தி பட்டிமன்றம் வந்தா, 7-வது பிரிவிலிருந்து ஆரம்பிங்க!