செங்கோட்டை–புனலூர் மீட்டர் கேஜ்: கடைசி ஓட்டமும் கைவேலையும்

தென்காசிச் சீமையையும் கொல்லத்தையும் ஆரியங்காவுக் கணவாய் வழியே இணைத்துவந்த செங்கோட்டை–புனலூர் மீட்டர் கேஜ் இருப்புப்பாதை, அகலப்பாதையாக மாற்றப்படுவதற்காக 2010 செப்டம்பர் 20 அன்று மூடப்பட்டது. மூடப்படும் செய்தி பரவியதும் பாதையோர ஊர்களின் மக்கள் குடும்பத்தோடு வண்டியேறி ஒருமுறை போய்வந்தனர். அவர்களோடு, அவ்வூர்களுக்கு எவ்விதத் தொடர்பும் இல்லாத ஒரு கூட்டமும் தொலைவிலிருந்து வந்து சேர்ந்தது. ரயில் ஆர்வலர்கள் என்று அழைக்கப்படும் இவர்கள், ரயில்வேயில் வேலை பார்க்காமலேயே இன்ஜின் வகைகள், பெட்டிகளின் எண்கள், கால அட்டவணைகள், சமிக்ஞை முறைகள் ஆகியவற்றைப் பல ஆண்டுகள் ஊன்றிப் பயின்றவர்கள்; ஒரு சேவை நிற்கப்போகிறது என்றால் அதன் கடைசி ஓட்டத்தில் உடனிருப்பதைத் தங்கள் கடமையாகவே கொள்பவர்கள். அப்பாதையில் அவர்கள் பதிவு செய்தவை எவை, அவர்களின் பதிவுக்கு எட்டாமல் போனவை எவை என்பதை, மலைப்பகுதி நிலையங்களிலும் ரயில்வே குடியிருப்புகளிலும் கண்டவற்றையும் கேட்டவற்றையும் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மீட்டர் கேஜ் என்பது இரு தண்டவாளங்களின் உட்புறங்களுக்கு இடையே 1,000 மி.மீ. இடைவெளி கொண்ட பாதை. அகலப்பாதையில் அந்த இடைவெளி 1,676 மி.மீ. ஆகும். அகலம் குறைந்த பாதைக்கு மலையைக் குடைவதும் வளைவுகளை அமைப்பதும் குறைந்த செலவில் முடியும் என்பதால், தென்னிந்திய ரயில்வே கம்பெனி காலத்தில் திருவிதாங்கூருக்குள் நுழைந்த இந்த முதல் இருப்புப்பாதை மீட்டர் கேஜாகவே போடப்பட்டு, 1904இல் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. செங்கோட்டை அன்று திருவிதாங்கூருக்கு உட்பட்ட ஊர். 1956 நவம்பர் 1 அன்று மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோதுதான் அது சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. ஆகவே ஏறத்தாழ 49 கி.மீ. நீளமுள்ள இந்தப் பாதைக்கு மாநில எல்லை என்பது பின்னாளில் வந்து சேர்ந்த ஒன்று. பாதையோரத்தில் இன்றும் தமிழும் மலையாளமும் ஒரே வாக்கியத்தில் கலந்து பேசப்படுவதற்கு இந்தப் பழைய உறவும் ஒரு காரணமாகும். சென்னையிலிருந்து கொல்லம் மெயில் இவ்வழியே ஓடிய காலத்தில் இப்பாதை திருவிதாங்கூரின் தலைவாசலாகவே விளங்கியது.

பகவதிபுரத்தைத் தாண்டியதும் மலைக்கு அடியில் நீண்ட குகைப்பாதை ஒன்றைக் கடந்து ஆரியங்காவுப் பக்கம் வெளிப்படும் வண்டி, இடப்பாளையம், கழுதுருட்டி, தென்மலை, ஒற்றக்கல், இடமண் என்று இறங்கிப் புனலூரை அடையும். கழுதுருட்டிக்கு அருகே தேசிய நெடுஞ்சாலையை ஒட்டி நிற்கும் பதின்மூன்று கண் பாலம் கருங்கல்லால் கட்டப்பட்டது. நெடுஞ்சாலையிலிருந்தே முழுப் பாலத்தையும் ஒரே படத்துக்குள் அடக்கிவிடலாம் என்பதால், இப்பாதையைப் பற்றி வெளிவந்த புகைப்படங்களில் பெரும்பகுதி அதையே காட்டுகிறது. சாலையும் தண்டவாளமும் அருகருகே செல்லும் இடங்களில், வண்டியை ஓரிடத்தில் படம்பிடித்துவிட்டு, அது வளைவுகளைச் சுற்றி வருவதற்குள் வாகனத்தில் விரைந்து அடுத்த இடத்தில் காத்திருப்பது ஆர்வலர்களின் வழக்கம். மலை ஏற்றத்தில் வண்டியின் வேகம் குறைவு என்பதால் அந்த வழக்கத்துக்கு இதைவிட வாய்ப்பான பாதை தெற்கே வேறில்லை.

1992இல் தொடங்கிய ஒரே கேஜ் திட்டத்தின்படி இந்திய ரயில்வே தன் மீட்டர் கேஜ் பாதைகளைப் படிப்படியாக அகலப்படுத்தி வந்தது. இரண்டு கேஜ்கள் சந்திக்கும் நிலையத்தில் சரக்கு முழுவதையும் ஒரு வண்டியிலிருந்து மற்றொரு வண்டிக்கு மாற்றவேண்டும், பயணிகளும் இறங்கி ஏறவேண்டும் என்பதால் அம்முடிவு நியாயமானதே. அதை மறுத்துப் பேசும் ஆர்வலர்கள்கூட நீண்டதூர நேரடி வண்டியின் பயனை மறுப்பதில்லை. விருதுநகர்–செங்கோட்டைப் பாதை முதலில் அகலமாயிற்று. பின்னர் கொல்லம்–புனலூர்ப் பகுதி 2010 மே மாதத்தில் அகலப்பாதையாகத் திறக்கப்பட்டது. இரு முனைகளிலும் அகலப்பாதை வந்து நிற்க, நடுவே மலைப்பகுதி மட்டும் மீட்டர் கேஜாக எஞ்சியது. கடைசி மாதங்களில் ஆர்வலர்களை ஈர்த்தது இந்தத் தனிமையே.

அவர்கள் செய்த வேலையை எளிதாக எடைபோடக் கூடாது. வண்டியின் முன்னும் பின்னும் இருந்த இன்ஜின்களின் எண்களையும், பெட்டிகள் கட்டப்பட்ட ஆண்டுகளையும், ஒவ்வொரு நிலையத்தையும் வண்டி அடைந்த நிமிடத்தையும் குறித்துக்கொண்டனர். இன்ஜின் ஏற்றத்தில் இழுக்கும் ஓசையைப் பதிவு செய்தனர். தடித்த அட்டையில் அச்சிட்டு, தேதியை இயந்திரத்தில் அழுத்திப் பதித்துக் கொடுக்கப்படும் பழைய அட்டைப் பயணச்சீட்டு எங்கேனும் கிடைத்தால் அதை வாங்கிப் பத்திரப்படுத்தினர். சென்னைக் கடற்கரை–தாம்பரம் மீட்டர் கேஜ் மின்வண்டி 2004 ஜூலை 1 அன்று நின்றபோதும் இத்தகைய ஆர்வலர்களே அதன் கடைசி நாளைப் பதிவு செய்தனர். 1931இல் தொடங்கி ஒரு நகரத்தின் அன்றாடத்தையே வடிவமைத்த அச்சேவையைப் பற்றி இன்று எழுத முற்படும் எவரும் தனிமனிதர்களின் இத்தகைய சேமிப்புகளைத் தேடியே போகவேண்டியிருக்கிறது. சம்பளமும் பதவியும் இல்லாமல், சொந்தப் பணத்தில் செய்யப்பட்ட இந்தத் தொண்டுக்குத் தமிழ்ச் சமூகம் உரிய மதிப்பை இன்னும் அளிக்கவில்லை.

ஆயினும் அப்படங்களை அடுக்கி வைத்துப் பார்க்கையில் ஒரு குறை புலப்படுகிறது. இன்ஜினின் எண் தெளிவாக விழுந்திருக்கும் படத்தில், அதன் அடியில் குனிந்து பிரேக் குழாயைப் பூட்டிக்கொண்டிருப்பவரின் முதுகு மட்டும் ஓரத்தில் விழுந்திருக்கிறது. உண்மையில் அந்நாளில் ஓய்வு பெற்றது இன்ஜின் மட்டுமன்று. அந்த இன்ஜினை அந்த மலையில் ஏற்றி இறக்கத் தெரிந்த கைகளின் பழக்கமும் அன்றோடு வேலையற்றுப்போனது.

அந்தப் பழக்கம் எத்தகையது என்பதை இன்ஜினிலிருந்தே தொடங்கலாம். மீட்டர் கேஜின் கடைசிக் காலத்தில் இப்பாதையில் ஓடியது ஒய்டிஎம்-4 என்னும் டீசல் இன்ஜின் வகை. அமெரிக்காவின் ஆல்கோ நிறுவனம் வடிவமைத்து, பின்னர் வாரணாசியில் கட்டப்பட்ட இவ்வகை, ஆறு உருளைகளைக் கொண்டு ஏறத்தாழ 1,400 குதிரைத்திறன் தரவல்லது. தெற்கே ஓடியவற்றைப் பராமரித்த இடங்களில் திருச்சி பொன்மலை முதன்மையானது. சமவெளியில் ஓர் இன்ஜின் எளிதாக இழுக்கும் பெட்டிகளை மலை ஏற்றத்தில் இழுக்க அதனால் இயலாது என்பதால், வண்டியின் பின்புறம் இன்னோர் இன்ஜினைச் சேர்த்துத் தள்ளச் செய்வார்கள். தள்ளும் இந்த இன்ஜினுக்கு பேங்கர் என்று பெயர். முன்னால் இருப்பவரும் பின்னால் இருப்பவரும் ஒருவரையொருவர் பார்க்க முடியாது. வளைவுகளும் குகைப்பாதைகளும் நடுவே உள்ளன. ஆகவே புறப்படுவதையும் விசையைக் குறைப்பதையும் நிற்பதையும் ஊதல் குறிகளால் கேட்டு, அதே ஊதலால் பதில் சொல்லி நடத்த வேண்டும். பின்னவர் முந்திக்கொண்டு தள்ளினால் நடுவில் உள்ள பெட்டிகள் நெருக்குண்டு வளைவில் தடம்புரளக்கூடும். பிந்தினால் இணைப்புக் கொக்கி அறுந்துபோகலாம். இழுவிசையின் மாற்றத்தைத் தரையின் அதிர்விலும் இன்ஜின் ஓசையிலும் உணர்ந்து விசையைக் கூட்டிக் குறைக்கும் இவ்வறிவு, மூத்த டிரைவரின் பக்கத்தில் நின்று பல மழைக்காலங்களைக் கழித்தவருக்கே கைவந்தது.

இறக்கம் இதைவிடக் கடினம். மீட்டர் கேஜ் வண்டிகளில் இருந்தது வெற்றிட பிரேக். அதாவது வண்டி நெடுகிலும் ஓடும் குழாயிலிருந்து காற்றை உறிஞ்சி, இன்ஜினில் ஏறத்தாழ 53 செ.மீ. பாதரச அளவுக்கு வெற்றிடம் உண்டாக்கினால் பிரேக் விடுபடும், குழாய்க்குள் காற்றை விட்டால் பிரேக் பிடிக்கும். ஒவ்வொரு பெட்டிக்கும் இடையே ரப்பர் குழாய்கள் கையால் பூட்டப்பட்டன. கடைசிக் குழாயின் வாய் டம்மி என்னும் அடைப்பில் மாட்டப்பட்டது. எங்கோ ஒரு பூட்டு தளர்ந்து காற்று கசிந்தால் இன்ஜினில் உள்ள அளவுமானியின் முள் ஏறாது. கசிவு எந்தப் பெட்டியில் என்பதை வண்டி நெடுக நடந்து, குழாய்ப் பூட்டுகளில் காதை வைத்துச் சீறலைக் கேட்டே கண்டுபிடிப்பார்கள். இறக்கத்தில் பிரேக்கை அடிக்கடி பிடித்து விடுபவருக்கு வெற்றிடம் மீண்டும் உருவாவதற்குள் வண்டி வேகம் எடுத்துவிடும். ஆகையால் எந்த வளைவுக்கு எவ்வளவு முன்னே, எவ்வளவு மெல்லப் பிடிக்க வேண்டும் என்பதை மைல்கல், மரம், பாலம் ஆகியவற்றை அடையாளமாக வைத்து நினைவில் கொண்டிருந்தனர்.

நிலையங்களுக்கு இடையே ஒற்றைப் பாதையே உண்டு என்பதால், எதிரெதிரே இரு வண்டிகள் புகுந்துவிடாமல் காப்பதற்குத் தென்னக மீட்டர் கேஜ் பாதைகளில் பரவலாகப் பயன்பட்டது நீல்ஸ் பந்து டோக்கன் கருவி. அடுத்தடுத்த இரு நிலையங்களிலும் வைக்கப்பட்டு மின்கம்பியால் பிணைக்கப்பட்ட இரு கருவிகளுக்குள்ளும் எஃகுப் பந்துகள் இருக்கும். இரு ஸ்டேஷன் மாஸ்டர்களும் மணிக்குறியால் ஒப்புக்கொண்டால் மட்டுமே ஒரு பந்து வெளியே விழும். அது திரும்ப ஏதேனும் ஒரு கருவிக்குள் போடப்படும்வரை இரண்டிலிருந்தும் இன்னொரு பந்தை எடுக்க முடியாது. இரு நிலையங்களின் பெயரும் பொறிக்கப்பட்ட அந்தப் பந்தைத் தோல்பையில் இட்டு, பையைப் பெரிய வளையத்தில் கட்டி, பாயிண்ட்ஸ்மேன் தூக்கிப் பிடிப்பார். வண்டி நிற்காமல் செல்லும்போது இதைக் கைமாற்றுவதில் ஒரு நுட்பம் இருக்கிறது: பாதைக்கு மிக அருகே நின்று, வளையத்தைத் தோளுக்கு மேலே உயர்த்தி, வண்டி செல்லும் திசையை நோக்கி உடலைச் சற்றே திருப்பி நிற்க வேண்டும், இன்ஜினிலிருந்து நீளும் கை வளையத்துக்குள் நுழைந்த கணத்தில் விரல்களைத் தளர்த்த வேண்டும், அரை நொடி பிந்தினால் தோள்பட்டை கழன்றுவிடும். இன்ஜினிலிருந்து எறியப்படும் முந்தைய பிரிவின் வளையம் விழுமிடத்தை அவர் கண் அப்போதே குறித்துக்கொள்ள வேண்டும். இரவு மழையில் புதருக்குள் உருண்ட வளையத்தைக் கைவிளக்கோடு தேடியெடுக்கும்வரை அந்தப் பிரிவில் வேறு வண்டி போகாது. ஆர்வலர்களின் காணொளிகளில் இக்காட்சி உண்டு. ஆனால் அவற்றில் தெரிவது வளையம் மட்டுமே, அதற்கு முன்னும் பின்னும் உள்ள பொறுப்பு தெரிவதில்லை.

எவரும் படம்பிடிக்காத வேலை கீமேனுடையது. தண்டவாளத்தை இரும்புச் சட்டக் கட்டைகளோடு இறுக்கிப் பிடிக்கும் ஆப்புகளுக்குச் சாவி என்று பெயர். வண்டியின் அதிர்வில் அவை கழன்றுகொண்டே இருக்கும். தனக்கு ஒதுக்கப்பட்ட சில கி.மீ. தூரத்தைக் கீமேன் நாள்தோறும் சுத்தியலும் ஸ்பேனரும் தோளிலிட்டு நடந்து, ஒவ்வொரு சாவியையும் பார்த்துப்போவார். இறுகிய சாவி சுத்தியல் பட்டதும் கணீரென்று ஒலிக்கும். தளர்ந்தது மொத்தென்று சொல்லும். பழகியவர் எல்லாவற்றையும் அடிப்பதில்லை. நடையை நிறுத்தாமல் தட்டிக்கொண்டே போய், ஒலி மாறிய இடத்தில் மட்டும் நின்று ஓங்கி அடிப்பார். வளைவுகளில் சக்கர விளிம்பு உரசும் உட்பக்கத்துக்குக் கேங்மேன்கள் கையாலேயே மசகு பூசினர். தென்மேற்குப் பருவமழையில், குற்றாலத்தில் சாரல் கொண்டாடப்படும் அதே வாரங்களில், மண்சரிவை அஞ்சி இரவு முழுவதும் பாதையில் ரோந்து நடந்ததும் இவர்களே. தடை கண்டால் தண்டவாளத்தில் வைத்து வண்டியை எச்சரிக்கும் வெடிகளும் விளக்கும் அவர்களின் பையில் இருந்தன.

இந்த அறிவு மறைந்தே தீரவேண்டும் என்ற விதி எதுவும் இல்லை. பிரிட்டிஷ் ரயில்வே தன் முதன்மைப் பாதைகளில் நீராவியை நிறுத்தியபோது, 1968 ஆகஸ்டு 11 அன்று லிவர்பூலிலிருந்து கார்லைல் வரை சென்று திரும்பிய கடைசிச் சிறப்பு வண்டியைக் காண வழிநெடுக மக்கள் நின்றனர். அதன் கட்டணம் 15 கினி. ஆனால் அங்குள்ள ஆர்வலர்கள் வழியனுப்புவதோடு நின்றுவிடவில்லை. வேல்ஸில் டாலிலின் என்னும் சிறுபாதையை 1951 முதலே தன்னார்வலர்கள் ஏற்று நடத்திவந்தனர். அதைப் பின்பற்றி அமைந்த பாதைகளில், ஓய்வுபெற்ற டிரைவர்களிடமும் ஃபயர்மேன்களிடமும் நிலக்கரி அள்ளிப்போடவும் கொதிகலனைக் கழுவவும் கற்றுக்கொண்டனர். ரசிகர் தொழிலாளியின் மாணவரானதால் அங்கே கைவேலை ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்குச் சென்றது. தெற்கே நீலகிரி மலைப்பாதை மட்டும் மீட்டர் கேஜாகவே தொடர்வதால், குன்னூர் ஷெட்டில் பழைய வேலை இன்றும் கைமாறி வருகிறது. 2005இல் அது யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்ததும் அதற்குத் துணையாயிற்று. செங்கோட்டை மலைப்பாதைக்கு அந்த வாய்ப்பு கிட்டவில்லை. குறைந்தபட்சம், அப்பாதையில் பணியாற்றி ஓய்வுபெற்றவர்கள் செங்கோட்டையிலும் தென்காசியிலும் புனலூரிலும் வாழும் காலத்திலேயே அவர்களின் ஊதல் குறிகளையும் பிரேக் அடையாளங்களையும் ஆர்வலர்கள் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். இன்ஜின் எண்களைத் தேடுவதில் காட்டும் அதே பிடிவாதம் இதற்கும் போதும்.

பாதை 2018இல் அகலப்பாதையாக முழுமையாகத் திறக்கப்பட்டது. சென்னை எழும்பூர்–கொல்லம் எக்ஸ்பிரஸ் இன்று இவ்வழியே செல்கிறது, பழைய பதின்மூன்று கண் பாலத்தின் மீதேதான். காற்று பிரேக் வந்ததால் டம்மியும் 53 செ.மீ. கணக்கும் போய்விட்டன, கான்கிரீட் கட்டைகளும் சுருள்கம்பிப் பிடிகளும் சாவியின் இடத்தைப் பிடித்தன. ஆனால் சரிவு மாறவில்லை என்பதால் பேங்கர் இன்ஜின் இன்னும் தேவைப்படுகிறது; மலைப்பகுதியில் வண்டிகள் மெதுவாகவே விடப்படுகின்றன. பருவமழை இரவுகளில் கையில் விளக்கோடு தண்டவாளத்தில் நடக்கும் ரோந்துக்காரரின் வேலையும் அப்படியே இருக்கிறது.