எலும்பு உரைக்கும் வயது

ஏனாத்தூர்த் திடலில் மாலைதோறும் சிறுவர்கள் கிரிக்கெட் ஆடுவர். அவர்களுள் உயரமானவன் ஒரு நெசவாளரின் மகன். பதினாறு வயதிற்குட்பட்டோர் அணியில் அவன் இடம்பெற வேண்டுமென்று, பள்ளியில் சேர்க்கும்போதே தந்தை அவனுடைய வயதில் ஈராண்டைக் குறைத்திருந்தார்.

இளம்பருவத்தில் மூத்தவனின் வலிமை திறமைபோலவே தோன்றும். மற்றவர் வளர்ந்ததும் அம்மயக்கம் கலையும். சான்றிதழ் மறைப்பதை எலும்பு உரைத்துவிடும். இந்தியக் கிரிக்கெட் வாரியம் 2012 முதல் இடக்கை மணிக்கட்டின் ஊடுகதிர்ப் படத்தைக்கொண்டு எலும்பு வயதைக் கணித்து வருகிறது. இப்பொய்யால் நேர்மையான சிறுவன் வாய்ப்பிழப்பதையும், பெற்றோரே பிள்ளைக்கு ஏமாற்றக் கற்பிப்பதையும் இராகுல் திராவிட் 2015ஆம் ஆண்டுப் பட்டோடி நினைவுச் சொற்பொழிவில் கடிந்துரைத்தார்.

தறியில் இழை அறுந்தால் அதனைப் பிணைத்த பின்னரே அத்தந்தை மேலே நெய்வார். திடலோரத்தில் உண்மை வயதோடு காத்திருக்கும் பக்கத்து வீட்டுச் சிறுவனையும் அவர் ஒருமுறை பார்த்திருக்கலாம்.