ஊசிக்கு அடங்காத பேன்

கோத்தகிரி பக்கம் ஒரு சிறு விவசாயி வீடு. இரண்டு கறவை மாடுகள், ஐப்பசியில் சந்தையில் வாங்கிய கிடாரி ஒன்று. மார்கழிக் குளிரில் மூத்த மாடு கம்பத்தில் கழுத்தைத் தேய்த்துத் தேய்த்தே முடி கொட்டியது. ஊசி போட்டும் அரிப்பு நிற்கவில்லை. 'சொறி மாடு' என்று வியாபாரி பாதி விலைக்குக் கேட்டார். தள்ளிவிடலாம் என்றார் கணவர்.

"முடிய வெலக்கிப் பாருங்க" என்றார் மனைவி. தோலை ஒட்டி, எள்ளைவிடச் சிறிதாகச் செம்பழுப்புப் பேன்கள். கிடாரியிடமும் இருந்தன.

இது கடிக்கும் பேன். ரத்தம் குடிக்காது, தோல் செதிளைத் தின்னும். அதனால் ரத்தத்தில் கலக்கும் ஊசிமருந்து இதை முழுதாகக் கொல்வதில்லை. மேலே தெளிக்கும் மருந்துதான் சரி. கால்நடை மருத்துவர் சொன்ன அளவில் மூன்று மாடுகளுக்கும் ஒரே நாளில் தெளித்தார்கள்.

"அரிப்புதான் நின்னுடுச்சே, மறுபடி எதுக்கு?" என்றார் கணவர். முடியில் ஒட்டிய ஈர் மருந்துக்குச் சாகாது. ஒரு வாரம், பத்து நாளில் பொரிக்கும். மனைவி விடவில்லை. 14 நாள் கழித்து மறுபடி தெளித்தார்கள்.

மாசியில் முடி முளைத்தது. மாடு கொட்டகையிலேயே நிற்கிறது. அடுத்து வாங்கிய கன்றை, முடியை விலக்கிப் பார்த்த பிறகே கணவர் உள்ளே கட்டினார்.