ஐந்து முனையும் நான்கு முனையும்



கத்தரி வெயில் தொடங்கிய வாரத்தில் எங்கள் பங்கு அலுவலகத்துக் கணினி நின்றுபோயிற்று. முதலில் ஆலை இயந்திரம் போல் இரைந்தது. பிறகு இரைச்சல் அடங்கிற்று. அப்பாடா என்று நான் மகிழ்ந்ததுதான் என் அறியாமை. மறுநாள் காலை, விசிறி வேலை செய்யவில்லை என்ற அறிவிப்புத் திரையில் தோன்றிற்று. ஒரு விசையை அழுத்தி அதைக் கடந்து போனாலும், பத்து நிமிடத்தில் இயந்திரம் தானே அணைந்துவிடும்.

அந்தப் பழைய பெட்டிக்காக நான் கலங்கியதற்குக் காரணம் உண்டு. 2015 ஆம் ஆண்டு பெருமழையில் எங்கள் திருமுழுக்குப் பதிவேடுகள் சில நனைந்து மை கரைந்தன. ஓய்வுபெற்ற உபதேசியார் ஒருவர் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு, எழுத்து எழுத்தாக வாசித்து, இரண்டு ஆண்டுகள் உட்கார்ந்து அவற்றைக் கணினியில் ஏற்றினார். அவர் இன்று இல்லை. அவர் வாசித்த பக்கங்களில் பலவற்றை இனி எவராலும் வாசிக்க இயலாது. இவ்வளவும் தெரிந்திருந்தும் நான் ஒரு நகல்கூட எடுத்து வைக்கவில்லை. என் சோம்பலைத் தவிர இதற்கு வேறு சாக்கு இல்லை. போதாக்குறைக்கு, அந்த வாரமே ஒரு பெண்ணின் திருமணத்திற்குத் திருமுழுக்குச் சான்று கொடுக்க வேண்டியிருந்தது.

பழுதுபார்க்கும் கடையொன்றில், “இந்த மாடலுக்கு விசிறி வருவதில்லை, சாமி, புதிது வாங்கிவிடுங்கள்” என்றார்கள். விசிறிகள் கடை நிறையத் தொங்கின. 92 மில்லிமீட்டர் சதுரம், 25 மில்லிமீட்டர் தடிப்பு, 12 வோல்ட். அளவு அச்சாகப் பொருந்திற்று. பொருந்தாதது நுனியிலிருந்த செருகி மட்டுமே. உலகத்து விசிறிகளுக்கு நான்கு முனை. எங்கள் இயந்திரத்தைச் செய்தவர்களோ ஐந்து முனையுள்ள தனி வடிவத்தை வைத்திருந்தார்கள்.

இதைக் கண்டபோது பால்டிமோர் நகரம் என் நினைவுக்கு வந்தது. (மறைக்கல்வி நூல் ஒன்றும் அப்பெயரால் வழங்குவதுண்டு.) 1904 பிப்ரவரியில் அந்நகரம் தீப்பற்றி எரிந்தபோது, வாஷிங்டன் முதலிய ஊர்களிலிருந்து தீயணைப்பு வண்டிகள் விரைந்து வந்தன. ஆனால் அவற்றின் குழாய் மரைகள் பால்டிமோரின் தண்ணீர்க் குழாய்களில் ஏறவில்லை. தண்ணீர் இருந்தது, ஆட்கள் இருந்தார்கள், வண்டிகள் இருந்தன. 1,500க்கும் மேற்பட்ட கட்டடங்கள் சாம்பலாயின. அதன் பிறகே அந்நாட்டில் குழாய் இணைப்புகளுக்குப் பொது அளவு வகுத்தார்கள்.

பிள்ளையார்பாளையத்து இளைஞர் ஒருவரைப் பற்றிக் கேள்விப்பட்டு ஆள் அனுப்பினேன். தறிக்காரக் குடும்பத்துப் பிள்ளை. தந்தை இன்றும் பட்டு நெய்கிறார். வந்தவர் விசிறியைத் தொடவே இல்லை. முதலில் வட்டைக் கழற்றித் தம் கணினியில் மாட்டி, எல்லாவற்றையும் இரு நகல் எடுத்தார். “இனி எது நடந்தாலும் எழுத்து போகாது, சாமி” என்றார். என் நெஞ்சுக் கனம் பாதி அப்போதே இறங்கிற்று. சான்றும் அன்று மாலையே அச்சாயிற்று.

அவர் வேலை செய்தது இவ்வாறு. பொதுவகை விசிறியில் முதல் முனை நில இணைப்பு; இரண்டாவது 12 வோல்ட்; மூன்றாவது, விசிறி ஒரு சுற்றுக்கு இருமுறை துடிப்பு அனுப்பித் தன் வேகத்தைச் சொல்வது; நான்காவது, வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் இயந்திரம் கட்டளையிடுவது. எங்கள் ஐந்து முனைச் செருகியிலோ இந்த வரிசை மாறியிருந்தது. “நிறத்தை நம்பக்கூடாது, சாமி, கம்பெனிக்குக் கம்பெனி மாறும்” என்று சொல்லி, மின்சாரத்தை நிறுத்திவிட்டு அளவுமானியின் ஒரு கம்பியைப் பெட்டியின் இரும்பிலும் மற்றொன்றை ஒவ்வொரு முனையிலும் வைத்து, நில இணைப்பைக் கண்டுபிடித்தார். மின்சாரம் கொடுத்து 12 வோல்ட் முனையைக் கண்டார். மற்ற இரண்டையும், அதே வகை இயந்திரத்தைப் பழுதுபார்த்த ஒருவர் வரைந்த படத்தோடு ஒப்பிட்டு உறுதி செய்தார். பழைய விசிறியின் வேகத்துக்கும் மின்னோட்டத்துக்கும் ஏறக்குறைய ஒத்ததையே வாங்கி வரச் சொன்னார். வேகம் மிகக் குறைந்தால் விசிறி செத்துவிட்டதென்று கணினி எண்ணிக்கொள்ளுமாம்.

பிறகு பழைய விசிறியின் கம்பிகளை ஒரு சாண் விட்டு நறுக்கி, அந்தச் செருகியைப் புதிய விசிறியோடு பற்றவைத்தார். நான்கு கம்பிகளும் சேர்ந்தன. விசிறி சுழன்றது. ஆயினும் அதே அறிவிப்பு! ஐந்தாவது கம்பி மட்டும் அநாதையாய்த் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, குப்பைக்கூடையில் நான் எறிந்திருந்த பழைய விசிறியை எடுத்து அளந்தார். அதனுள் ஐந்தாவது கம்பி நில இணைப்போடு சேர்ந்திருந்தது. அது வேறொரு வேலையும் செய்யவில்லை. ‘நான் உன் வீட்டு விசிறிதான்’ என்று அடையாளம் சொல்வதே அதன் பணி. அதையும் நிலக் கம்பியோடு முறுக்கிச் சேர்த்தவுடன் அறிவிப்பு மறைந்தது.

இத்தகைய அடையாளக் கம்பியை வைப்பதில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன்; தவறான விசிறியால் இயந்திரம் வெந்துபோகாமல் காக்கவும் அது உதவலாம். ஆனால் அதைப் பற்றி வாங்கினவனுக்கு ஒரு வரி எழுதித் தருவதில் என்ன குறைந்துவிடும்? பழுதுபார்க்கும் உரிமைக்கென்று நம் நடுவணரசு 2022 டிசம்பரில் ஓர் இணையவாயிலைத் திறந்தது. என் போன்றோரின் முறையீடு முன்பே அங்கு எட்டியிருக்கிறது போலும்.

அவர் கம்பிகளை முறுக்கிய விதம் என் கண்ணைவிட்டு அகலவில்லை. உடலும் முந்தானையும் வெவ்வேறு நிறமாய் நெய்யும்போது, பழைய பாவின் இழையோடு புதிய நிறப் பாவின் இழையை ஒவ்வொன்றாய்க் கையால் பிணைப்பார்கள், ஆயிரக்கணக்கான இழைகள். சேலை கிழிந்தாலும் அந்த இணைப்பு விடாது என்பது இவ்வூர் நெசவாளரின் பெருமைப் பேச்சு. “அப்பாவுக்குப் பாவு பிணைக்க உட்காருவாயா, தம்பி?” என்றேன்.

“சின்ன வயசிலிருந்து, சாமி. ஒரு இழை மாறினாலும் முந்தானையில் தெரிந்துவிடும். இதில் அஞ்சுதானே!” என்று சிரித்தார்.

சட்டத்தில் பொறித்திருந்த அம்புக்குறியைப் பார்த்துக் காற்றுப் போகும் திசையைச் சரிசெய்தார். வெப்பத் தகடுகளின் இடுக்கிலிருந்து தூசியையும் இரண்டு பல்லி முட்டை ஓடுகளையும் எடுத்தார். காய்ந்த பசையைத் துடைத்துப் புதிது தடவினார். கூலியாக அவர் கேட்டது விசிறியின் விலையோடு நூறு ரூபாய். நான் வற்புறுத்திக் கூடக் கொடுத்தேன்.

புறப்படுமுன் ஒரு துண்டுக் காகிதம் கேட்டார். எந்த நிறக் கம்பி எந்த முனைக்கு, ஐந்தாவது எங்கே சேர்கிறது என்றெல்லாம் எழுதி, தேதியிட்டு, பெட்டியின் உட்புறத்தில் ஒட்டினார். நகல்களுள் ஒன்று இப்போது ஆயர் இல்லத்தில் இருக்கிறது.